வெயில் கெடுத்த தோலும் ஒளி வைத்தியமும்

கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடுகிற நோய்கள் சில உண்டு. ஆஸ்திரேலிய நாட்டின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், கரும்புக் காட்டிலும் மாட்டுப் பண்ணையிலும் ஐம்பது ஆண்டுக் காலம் தலையில் தொப்பி உண்டா இல்லையா என்று கவலைப்படாமல் உழைத்து முதிர்ந்த ஒரு வெள்ளைக்காரக் குடியானவரின் நெற்றியையோ, மயிர் உதிர்ந்த உச்சந்தலையையோ, புறங்கையையோ வைத்தியர் தடவிப் பார்க்கும்போது, தச்சுப் பட்டறையில் கிடக்கும் உப்புத்தாளைத் தொட்டாற்போன்ற ஒரு சொரசொரப்பு அவருடைய விரல் நுனியில் தட்டுப்படும். அந்த இடத்தை உற்றுப் பார்த்தால், இலேசான சிவப்பும், அதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் வெளுத்த செதிலும் தெரியும். நகத்தால் கிள்ளினால் செதில் பெயர்ந்து வரும். சில வாரங்களில் மீண்டும் படரும். வலி பெரும்பாலும் இல்லையாதலால் நோயாளி அதை நோயென்றே எண்ணுவதில்லை. சரும வைத்திய சாஸ்திரத்தில் இதற்கு ஆக்டினிக் கெரட்டோசிஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் 'ஆக்டிஸ்' என்பது கிரணத்தையும் 'கெராஸ்' என்பது கொம்பையும் குறிப்பன. கிரணத்தால் விளைந்த கொம்புத் தடிப்பு என்பது சொற்பொருள். மண்வெட்டி பிடித்த உள்ளங்கை தடித்துப் போவதை நாம் காய்ப்பு என்று சொல்லுவதால், இதனை வெயிற்காய்ப்பு என்று வழங்குவது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இந்த மாற்றத்தைக் கூர்ந்து நோக்கியவர்களுள் முந்தியவர் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் வைத்தியம் செய்துவந்த பால் கெர்சன் உன்னா என்பவர். கப்பலோட்டிகளின் முகத்திலும் கையிலும் தோல் தடித்துச் செதிலாகி, சிலருக்குப் பின்னர்ப் புற்றாகவும் மாறுவதைக் கண்டு, 1894-இல் அதனை 'மாலுமித் தோல்' என்ற பெயரால் அவர் விவரித்தார். இரண்டாண்டு கழித்துப் பிரான்ஸ் தேசத்துப் போர்தோ நகரிலிருந்து தூப்ரேய் என்ற வைத்தியர், அதே கேட்டினைத் திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்களிடம் கண்டதாக எழுதினார். பாய்மரத்துக்கும் திராட்சைக் கொடிக்கும் இடையே சம்பந்தம் ஒன்றுதான். இரண்டையும் பேணுகிறவர்கள் நாள் முழுவதும் வெயிலில் நிற்கிறார்கள்.

மங்கிய வானத்துக்குப் பழகிய ஆங்கிலேயரும் ஐரிஷ்காரரும் தங்கள் வெளிறிய தோலோடு ஆஸ்திரேலியாவின் சூரியனுக்குக் கீழே குடியேறியபோது, மாலுமிக்கும் தோட்டக்காரனுக்கும் உரியதாயிருந்த நோய் ஒரு ஜனசமூகம் முழுவதற்கும் பொதுவாயிற்று. அங்கே நாற்பது வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு வெயிற்காய்ப்பு இருக்கிறது என்பார்கள். ஆனால் எண்ணிக்கையைக் கேட்டு மிரண்டுபோவதும் நியாயமன்று. விக்டோரியா மாநிலத்து மேரிபரோ என்ற ஊரில் 1980-களில் ராபின் மார்க்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும், ஊர் மக்களின் காய்ப்புகளை ஆண்டுதோறும் ஒவ்வொன்றாகக் குறித்துவைத்துப் பார்த்ததில், ஒரு காய்ப்பு ஓராண்டுக்குள் செதிலணுப் புற்றாக மாறுவது ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றும், நாலில் ஒன்று தானாகவே மறைந்துபோகிறது என்றும் கண்டார்கள். அப்படியானால் ஏன் கவலை? ஒருவருக்கு ஒன்றன்று, பத்தும் இருபதும் வருகின்றன. அவை ஓராண்டன்று, இருபது முப்பது ஆண்டுகள் இருக்கின்றன. இவற்றுள் எது புற்றாகும், எது உதிர்ந்துபோகும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லும் சோதிடம் எந்த வைத்தியருக்கும் தெரியாது. சிறுநீரகம் மாற்றிக்கொண்டு, உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளை உட்கொள்ளும் வெள்ளைத் தோலினரிடம் இந்த அபாயம் பல மடங்காகப் பெருகிவிடுகிறது.

சூரிய கிரணம் தோலுக்குள் செய்வது என்ன என்பதை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பின்னால் வரும் சிகிச்சையின் நுட்பம் இதைப் பொறுத்தே விளங்கும். ஒளியலைகளின் நீளத்தை நானோமீட்டர் என்ற அளவால் குறிப்பார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு. நம் கண்ணுக்குப் புலனாகும் ஒளி, ஊதாவில் 400 நானோமீட்டர் அளவில் தொடங்கிச் சிவப்பில் 700 அளவில் முடிகிறது. ஊதாவுக்கு அப்பால், கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கிரணங்களில், 290-க்கும் 320-க்கும் இடைப்பட்டவைதாம் முக்கியமான குற்றவாளிகள். அவை மேல்தோலின் உயிரணுக்களுள் புகுந்து, பரம்பரைக் குணங்களைத் தாங்கும் டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகின்றன. உயிரணு அதைச் செப்பனிட முயல்கிறது. பெரும்பாலும் வெற்றியும் பெறுகிறது. ஆயினும் ஆயிரம் முறை திருத்துகிற கை ஒருமுறை பிசகாமலா போகும்? அந்தப் பிசகு, பி-53 என்ற மரபணுவில் நேர்ந்துவிட்டால், கெட்டுப்போன உயிரணுவைத் தற்கொலை செய்துகொள்ளும்படி ஆணையிடும் காவலனே வேலையை மறந்தவனாகிறான். கருமை நிறமான மெலனின் செறிந்த தோலில் இந்தக் கிரணங்கள் வாயிலிலேயே தடுக்கப்படுகின்றன. அதனால்தான், வருஷம் முழுவதும் வெயிலில் வேகும் நம் நாட்டு உழவர்களிடையே வெயிற்காய்ப்பு அபூர்வமாக இருக்கிறது. மெலனின் இன்றி வெளுத்த மேனியோடு பிறந்துவிடும் குழந்தைகள் நம்மிடையேயும் உண்டு; அவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

கெட்டுப்போவது ஓர் உயிரணு மட்டுமன்று. ஒரே நெற்றியில் ஒரே வெயிலை ஒரே காலம் வாங்கிய லட்சக்கணக்கான உயிரணுக்களில் பல, வெளியே தடிப்பொன்றும் காட்டாமலே உள்ளுக்குள் பழுதுபட்டிருக்கின்றன. வாய்ப்புற்றை ஆராய்ந்த ஸ்லாட்டர் என்ற அமெரிக்க வைத்தியரும் அவருடைய துணைவர்களும் 1953-இல் இதற்கு 'வயல்' என்று பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயர் பின்னர்த் தோலுக்கும் வந்து சேர்ந்தது. உழவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முளைத்த கோரையைப் பிடுங்கிவிட்டு வரப்பில் ஏறி நின்று மகிழ்கிறவன், மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கை மறந்தவன். பூஜ்யத்துக்குக் கீழே 196 பாகை வரை குளிர்ந்த திரவ நைட்ரஜனைத் தெளித்து ஒவ்வொரு காய்ப்பையும் உறையவைத்து உதிர்ப்பது எளிய, சிக்கனமான, நல்ல முறைதான். ஆனால் அது பயிர்ப்பாத்தியில் களைக்கொட்டு போடுவதைப் போன்றது. நெற்றி முழுவதையும் ஒரே வயலாகக் கொண்டு வைத்தியம் செய்யக்கூடிய வழிகளுள் ஒன்றுதான் போட்டோடைனமிக் தெரபி எனப்படும் ஒளியியக்கச் சிகிச்சை.

வெயிலால் வந்த நோயை ஒளியால் போக்குகிறார்கள் என்று கேட்டவுடன், முள்ளை முள்ளால் எடுப்பது என்ற பழமொழி நம் வாயில் வந்துவிடும். பழமொழி அழகானதுதான், இங்கே அது பொருந்தாது என்பதே என் கட்சி. குத்திய முள்ளும் எடுக்கிற முள்ளும் ஒரே மரத்தில் காய்த்தவையாயினும் ஒரே முள் அல்ல. இதை விளங்கிக்கொள்ள, ஒரு நூற்றாண்டுக்கு மேல் பின்னோக்கி, மியூனிக் நகரத்துக்குப் போக வேண்டும்.

1897-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், அந்நகரத்துப் பேராசிரியர் ஹெர்மன் ஃபான் தாப்பைனரின் ஆராய்ச்சிச் சாலையில் ஆஸ்கர் ராப் என்ற வைத்திய மாணவர், அக்ரிடின் என்ற சாயப் பொருள் பாரமீசியம் என்னும் நுண்ணுயிரைக் கொல்ல எவ்வளவு நேரமாகிறது என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தார். ஒரே அளவு சாயம், ஒரே வகை உயிர். இருந்தும் ஒருநாள் சட்டென்று செத்தவை மற்றொரு நாள் நெடுநேரம் நீந்திக்கொண்டிருந்தன. சோதனை பிழைபட்டதென்று குறிப்பேட்டை மூடிவிடாமல், அந்த இரண்டு நாள்களுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்த இளைஞர், இடியும் மின்னலுமாக வானம் இருண்டிருந்த நாளில்தான் அவை பிழைத்தன என்பதை உணர்ந்தார் என்று சொல்வார்கள். சாயம் தனியே கொல்லவில்லை. வெளிச்சம் தனியே கொல்லவில்லை. இரண்டும் கூடியபோது மரணம் நேர்ந்தது. தாப்பைனர் மேலும் ஆராய்ந்து, மூன்றாவதாகப் பிராணவாயுவும் அங்கே இருந்தாக வேண்டும் என்று நிலைநாட்டினார். இந்த நிகழ்ச்சிக்கு ஒளியியக்க விளைவு என்ற பெயரும் அவர் இட்டதே. 1903-இல் அவரும் யெசியோனெக் என்ற சரும வைத்தியரும், ஈயோசின் என்ற சாயத்தைத் தோற்புற்றின்மேல் பூசி ஒளியில் காட்டிப் பார்த்தார்கள்.

அதே 1903-இல்தான், டென்மார்க் தேசத்து நீல்ஸ் ஃபின்சனுக்கு, தோலைத் தின்னும் க்ஷயரோகத்தை விளக்கொளியால் குணப்படுத்தியதற்காக நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டிலேயே, நாற்பத்து மூன்றாம் வயதில், நெடுங்காலம் தம்மை வாட்டிய நோயால் அவர் இறந்துபோனார். அவருடைய ஒளி, அக்கிருமிகளை எப்படிக் கொன்றது என்பது அவருக்கே முழுவதும் தெரியாது. க்ஷயக் கிருமிகளினுள் இயல்பாகவே இருக்கும் பார்பிரின் என்ற நிறப்பொருளின்மீது ஒளி பட்டதால்தான் அவை மாண்டிருக்க வேண்டும் என்று அண்மைக்கால ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள்.

பார்பிரின் என்ற இந்தச் சொல்லின்மேல்தான் நம் கதை முழுவதும் சுழல்கிறது. நடுவே இரும்பைப் பதித்துக்கொண்டால் இரத்தத்தின் செந்நிறமாவதும், ஏறத்தாழ அதே வளையம் மக்னீசியத்தைப் பதித்துக்கொண்டால் இலையின் பச்சை நிறமாவதும் அதுவே. உலோகம் பதிக்கப்படாத வெறும் வளையமாகத் தோலில் அது தேங்கிவிட்டால், ஒளி படும் இடமெல்லாம் தீங்கு விளையும். மாடு வளர்ப்பவர்கள் இதைக் கண்ணால் கண்டிருக்கிறார்கள். வறட்சிக் காலத்தில் வேறு தழை கிடைக்காமல் உண்ணிச்செடியை மேய்ந்த மாட்டுக்கு ஈரல் கெட்டு, பச்சிலையின் நிறப்பொருள் செரிக்கும்போது பிறக்கும் ஒரு வகைப் பார்பிரின் பித்தத்தோடு கழியாமல் இரத்தத்தில் கலந்து தோலை வந்து அடைகிறது. பிறகு அந்த மாடு வெயிலில் நின்றால், அதன் மேனியில் வெள்ளைத் திட்டுகள் இருக்கும் இடம் மட்டும் வெந்து உரிய, கறுப்புத் திட்டுகள் பழுதின்றி நிற்கும். நாட்டுப்புறத்துப் பட்டியில் நடக்கும் இந்தப் பரிதாபத்தை, 1912-இல் ஜெர்மானிய வைத்தியர் ஃப்ரீட்ரிஷ் மேயர்-பெட்ஸ் தம் சரீரத்தின்மேலேயே வலிய வரவழைத்துக்கொண்டார். ஹெமட்டோபார்பிரின் என்ற பொருளில் 200 மில்லிகிராமைத் தம் இரத்தத்தில் ஏற்றிக்கொண்டு வெயிலில் சென்ற அவருடைய முகமும் கைகளும் அடையாளம் தெரியாதபடி வீங்கின. வெயிலைக் கண்டு அஞ்சும் நிலை இரண்டு மாதத்துக்கு மேலும் அவரை விடவில்லை. விஞ்ஞானத்தின்மீது பக்தி இருக்க வேண்டியதுதான். இவ்வளவு வேண்டுமா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அவர் பட்ட பாடு, பின்வந்தவர்களுக்கு ஒரு தடையாகவே நின்றது. அமெரிக்காவின் பஃபலோ நகரத்து ரோஸ்வெல் பார்க் நிலையத்தில் தாமஸ் டோஹர்ட்டி 1970-களில் பார்பிரினை நரம்பு வழியே ஏற்றிச் சிவப்பு ஒளியால் புற்றுக் கட்டிகளைக் கரைத்துக் காட்டினார்; ஆனால் சிகிச்சை பெற்றவர் பல வாரங்கள் பகலில் வெளியே தலைகாட்ட முடியாது. நெற்றியில் நாலைந்து காய்ப்புக்காக எவர் அதற்கு உடன்படுவர்? இந்தச் சிக்கலை அறுத்தவர்கள் கனடாவின் கிங்ஸ்டன் நகரத்து ஜேம்ஸ் கென்னடியும் ராய் பாட்டியரும். பார்பிரினை ஏன் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும், உயிரணுவையே செய்துகொள்ளச் சொன்னால் என்ன என்பது அவர்கள் 1990-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின் சாரம்.

நம் உடலின் அநேகமாக ஒவ்வோர் உயிரணுவும் தனக்கு வேண்டிய ஹீம் என்ற செந்நிறப் பொருளைத் தானே எட்டுப் படிகளில் செய்துகொள்கிறது. முதற்படியில் பிறப்பது அமினோலெவுலினிக் அமிலம். ஏழாம் படியில் பிறப்பது புரோட்டோபார்பிரின். எட்டாம் படியில் அதனுள் இரும்பு பதிகிறது. ஏரிக்கு மதகு எப்படியோ, அப்படி முதற்படி இந்தத் தொழிலுக்கு. ஹீம் போதுமான அளவு சேர்ந்ததும் மதகு தானே அடைத்துக்கொள்ளும். ஆனால் அந்த அமிலத்தை வெளியிலிருந்து களிம்பாகப் பூசிவிட்டால், மதகைத் தொடாமல் கரையை வெட்டி வாய்க்காலில் நீர் விட்டது போலாகிறது. இடைப்படிகள் அத்தனையும் பெருக்கெடுத்து ஓட, கடைமடையிலே இரும்பு பதிக்கும் வேலை மட்டும் மெதுவாக நடப்பதால், புரோட்டோபார்பிரின் தேங்கிவிடுகிறது. பழுதுபட்ட உயிரணுக்களில் அந்தக் கடைசி வேலை இன்னும் மந்தம். மேலும், காய்ப்பின்மேல் உள்ள செதிலடுக்கு கட்டுக்குலைந்து கிடப்பதால், களிம்பு அங்கேதான் எளிதாக உள்ளிறங்குகிறது. நல்ல தோலைக் காட்டிலும் கெட்ட தோலில் புரோட்டோபார்பிரினாகிய நஞ்சு மிகுதியாகச் சேர்வதற்குக் காரணம் மருந்தின் விவேகமன்று. நோயுற்ற உயிரணுவின் சொந்தக் குறைபாடே. களிம்பிட்டுச் சில மணி நேரம் கழித்து, இருட்டறையில் ஊதா விளக்கைப் பிடித்துப் பார்த்தால், காய்ப்பு உள்ள இடங்கள் செங்கல் நிறத்தில் ஒளிர்கின்றன. விரலுக்கும் தட்டுப்படாத சிலவும் அப்போது வெளிப்படுவதுண்டு.

இப்போது ஒளி வேண்டும். புரோட்டோபார்பிரின் மிகுதியாகக் குடிப்பது 405 முதல் 410 நானோமீட்டர் அளவுள்ள நீலஊதா ஒளியை. அதைவிடக் குறைவாக, ஆனால் பயன்படும் அளவுக்கு, 635 அளவில் உள்ள சிவப்பையும் குடிக்கிறது. நீலம் வலியது, ஆழமில்லாதது. சிவப்பு மெலியது, தோலுக்குள் சில மில்லிமீட்டர் வரை இறங்குவது. அமெரிக்காவில் 1999-இன் இறுதியில் அனுமதி பெற்ற முறை, நூற்றுக்கு இருபது பங்கு அமிலத்தைத் தடவி, பதினான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருந்து, நீல விளக்கின் கீழே 1,000 விநாடி முகத்தைக் காட்டச் செய்வது. நார்வே தேசத்தார், அதே அமிலத்தின் மெத்தில் வடிவத்தைக் களிம்பாக்கி, மூன்று மணி நேரம் மூடிவைத்துச் சிவப்பு விளக்கைக் காட்டும் முறையை ஐரோப்பாவில் பரப்பினார்கள். விளக்கு எதுவானாலும் உள்ளே நடப்பது ஒன்றே. ஒளியைக் குடித்துக் கிளர்ச்சியுற்ற புரோட்டோபார்பிரின், தன் கிளர்ச்சியை அருகிலுள்ள பிராணவாயுவிடம் கைமாற்றிவிடுகிறது. வெறிகொண்ட அந்தப் பிராணவாயு, உயிரணுவின் குறுக்களவைக்கூடக் கடப்பதற்குள் தன் வேகம் தணிந்துபோகிறது. ஆனால் அதற்குள் தான் தொட்ட சவ்வையும் புரதத்தையும் எரித்துவிடுகிறது. பிறந்த வீட்டிலேயே தீ வைத்து அங்கேயே மடிகிற இந்த இயல்பினாலும், அடித்தோலின் நார்த்திசு இந்த நஞ்சை அதிகம் செய்துகொள்ளாததாலும், ஆறிய பின் தழும்பு அநேகமாக நிற்பதில்லை.

வலியைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். விளக்கு எரியத் தொடங்கிய சில நிமிஷங்களில், நெற்றியில் மிளகாய் அரைத்துப் பூசினாற்போன்ற எரிச்சல் கிளம்புகிறது. விசிறி, குளிர்காற்று, தண்ணீர்த் தெளிப்பு, தாங்காதவர்களுக்கு நரம்பை மரக்கச் செய்யும் ஊசி என்று வைத்தியசாலைகளில் பல உபாயங்கள் வைத்திருக்கிறார்கள். அதன்பின் இரண்டு நாள் வெளிச்சத்துக்கு ஒதுங்கியிருக்க வேண்டும்; ஒரு வாரம் முகம் சிவந்து, பொருக்குக் கட்டி, உரியும். இவ்வளவையும் பொறுத்தால் பலன் எவ்வாறு? சில மாதங்களில் பார்த்தால் பெரும்பாலான காய்ப்புகள் மறைந்திருக்கின்றன என்பது உண்மை. ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்த பரீட்சை ஒன்று, இதன் பக்தர்களுக்கு அவ்வளவு இனிப்பாக இல்லை. நெதர்லாந்து நாட்டில் 624 நோயாளிகளிடம் நான்கு வகைச் சிகிச்சைகளை ஒப்பிட்டு 2019-இல் வெளியிட்ட முடிவின்படி, ஓராண்டுக்குப் பிறகும் சிகிச்சை தோற்காமல் நின்றவர்கள், ஃப்ளூரோயுராசில் என்ற பழைய, மலிவான களிம்பினால் நூற்றுக்கு எழுபத்தைந்து பேரளவு. இமிக்குவிமாடினால் ஐம்பத்து நான்கு. ஒளியியக்கச் சிகிச்சையினால் முப்பத்தெட்டு. இஞ்செனால் என்ற கூழ் மருந்தினால் இருபத்தொன்பது. (கடைசியாகச் சொன்னது, நம் அம்மான் பச்சரிசியின் உறவுச் செடி ஒன்றின் பாலிலிருந்து எடுத்தது; அதுவே தோற்புற்றைத் தூண்டுமோ என்ற ஐயத்தால் 2020-இல் ஐரோப்பாவில் கைவிடப்பட்டது.) ஆகவே நுட்பத்தின் அழகைக் கண்டு மயங்கி, இதுவே தலைசிறந்த வைத்தியம் என்று நான் சொல்லத் துணியேன். நாலு வாரம் நாள்தோறும் இருவேளை களிம்பு பூசி, முகம் புண்ணாகி நடமாடப் பொறுமையில்லாதவர்க்கும், ஒருநாள் அமர்வோடு காரியம் முடிந்தால் போதும் என்பவர்க்கும், தழும்பு கூடாத இடத்துக்கும் இது உகந்தது என்பதே நியாயமான மதிப்பீடு.

எரிச்சலைக் குறைக்கும் வழியைக் கண்டவர்கள், ஃபின்சன் பணியாற்றிய கோபன்ஹேகனிலேயே, பிஸ்பெபியர் வைத்தியசாலையைச் சேர்ந்த ஹன்ஸ் கிறிஸ்டியன் வுல்ஃபும் ஸ்டீனே வீகெல்லும். நஞ்சு குளம்போலத் தேங்கும்வரை காத்திருந்து, ஒரேயடியாக விளக்கைப் பாய்ச்சுவதால்தானே இந்த வேதனை? களிம்பு பூசி அரைமணிக்குள் நோயாளியை வெளியே அனுப்பிவிட்டால், புரோட்டோபார்பிரின் ஊற ஊறப் பகலொளி அதைச் சிறிது சிறிதாகச் செலவிட்டுக்கொண்டேயிருக்கும். வலியும் மிகச் சிறிதாகவே இருக்கும். பகலொளியில்தான் நீலமும் சிவப்பும் இரண்டும் இருக்கின்றனவே!

அவர்கள் வகுத்த முறையில் என்னைக் கவர்ந்தது அதன் முதற்படி. வீட்டை விட்டு வெளியேறும் முன், நோயாளியின் முகத்திலும் கழுத்திலும் கையிலும் வெயில்காப்புக் களிம்பு ஒன்றைத் தாராளமாகப் பூசுகிறார்கள்; மருந்து பூசுவது அதன் பின்னர்தான். அந்தக் காப்புக் களிம்பும் எதுவாயினும் ஆகாது. துத்தநாகமோ டைட்டேனியமோ கலந்த வெள்ளைப் பூச்சு, காணும் ஒளியையும் தடுத்துவிடுமாதலால் விலக்கு. புற ஊதாவை மட்டும் விழுங்கி, நீலத்தையும் சிவப்பையும் தடையின்றி உள்ளே விடுகிற இரசாயனக் களிம்பே வேண்டும். ஐம்பது ஆண்டுகள் தோலைக் கெடுத்த கிரணத்தை வாயிலில் நிறுத்திவிட்டு, அதனுடன் ஒரே வானத்திலிருந்து ஒரே பாதையில் வந்த வேறு கிரணத்தை மட்டும் வரவேற்று அமர்த்திக்கொள்ளும் ஏற்பாடு இது. பிறகு நோயாளி, காற்று பத்துப் பாகைக்குக் கீழே குளிராத ஒரு நாளில், மழை இல்லையென்று பார்த்துக்கொண்டு, தோட்டத்து நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பத்திரிகை படிக்கிறார். வானம் மேகமூட்டமாயிருந்தாலும் பாதகமில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆனாலும் இடையிடையே அவர் தலையை நிமிர்த்தி மேகத்தைப் பார்த்துக்கொள்கிறார்.